ரிசல்ட் அன்னைக்கு பிள்ளையோட போனைப் பிடுங்காதீங்க

தர்மபுரி மாவட்டம் அரூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. பிரிண்ட், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஸ்காலர்ஷிப் ஃபார்ம், கலைக் கல்லூரி அப்ளிகேஷன், இன்ஜினியரிங் கவுன்சிலிங் பதிவு என்று எல்லாமே இங்கே ஓடும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் சைக்கிளும் ஸ்கூட்டியும் நிற்கும். வீட்டில் போன் இருந்தாலும் இங்கே வருவார்கள், ஏனென்றால் வீட்டில் அப்பா இருப்பார். நான் டாக்டர் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஆனால் ரெஜிஸ்டர் நம்பரையும் பிறந்த தேதியையும் அடித்த பிறகு அந்தப் பக்கம் திறக்க மாட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பிள்ளை துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரலே வெளுத்துப்போவதை வருஷா வருஷம் பார்க்கிற ஆள் நான். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளின் மனநலம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் தன்னம்பிக்கையை வளர்க்கச் சொல்கிறார்கள். வளர்க்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் பார்த்த வரைக்கும் நம்ம ஊர்ப் பிள்ளையைப் போட்டு அழுத்துவது பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம். கட்ட வேண்டிய ஒரு ஃபீஸ், முடியப்போகிற ஒரு கடைசித் தேதி, கைக்கு வராத ஒரு சான்றிதழ், அப்பாவிடம் சொல்ல முடியாத ஒரு அரியர். அந்தக் காகிதத்தை முதலில் எடுத்து, கூட உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு ஆள் இருக்கிறார்கள், நம்பர் இருக்கிறது, நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு தைரியமா இரு, தைரியமா இரு என்று சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை.

2025இல் பிளஸ் டூ எழுதியவர்கள் 7,92,494 பேர், தேறியவர்கள் 7,53,142 பேர். நூற்றுக்கு 95 என்று டிவியில் சந்தோஷமாகச் சொன்னார்கள். மிச்சம் கிட்டத்தட்ட 39 ஆயிரம் பிள்ளைகள். ஊரெல்லாம் பாஸாகும்போது ஃபெயிலாவது முன்பைவிட இப்போது கஷ்டம் என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் துணைக்கு இருந்தார்கள், இப்போது தெருவிலேயே அந்த ஒரு பிள்ளை மட்டும்தான். ஃபெயிலானவர்கள் மட்டும் இல்லை, 480 வாங்கிவிட்டு 540 எதிர்பார்த்த பிள்ளை அழுகிற அழுகையையும் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்து "இதுக்கா அழற?" என்று சிரிக்கிற பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை அரசாங்கமே 2017இல் நிறுத்திவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பள்ளிக்கூடங்கள் வைக்கும் ஃபிளெக்ஸ் மட்டும் நிற்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் தெரிவது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போட்டோதான், அதுவும் ஆள் உயரத்துக்கு.

சரி, தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். மார்க் குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் நம்ம வீடுகளில் முதலில் நடப்பது போன் பறிமுதல். "இதாலதான் எல்லாம்" என்று அப்பா பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். இதாலதானா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், நானும் அந்த ரீல்ஸுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு நாள் வேண்டாம். ஏனென்றால் அந்த வயதில் பிள்ளை முதலில் சொல்வது அம்மாவிடம் இல்லை, இன்னொரு பிள்ளையிடம்தான். அந்த ஒரு வழியையும் அன்றைக்குப் பார்த்து அடைத்துவிடுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. ரிசல்ட்டுக்கு அப்புறம் தேறாத பிள்ளைகளிடம் பேசுவதற்காக அரசாங்கத்தின் 104 மருத்துவ உதவி மையத்திலிருந்து போன் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருப்பது அப்பா நம்பர். அப்பா பெங்களூருவில் சென்ட்ரிங் வேலையில் சாரத்துமேல் நிற்பார், "ம்ம், நல்லா இருக்கான், சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பேச வேண்டிய பிள்ளைக்குப் போன் வந்ததே தெரியாது. அப்பாமார்களே, அந்தப் போன் வந்தால் "இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, பிள்ளைகிட்டயே பேசுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்றைக்கே செய்யக்கூடிய காகித வேலை ஒன்று உண்டு. துணைத் தேர்வு அடுத்த வருஷம் இல்லை, அதே ஜூன், ஜூலையில் நடந்துவிடும். அதில் தேறினால் அதே வருஷமே காலேஜில் சேரலாம், ஒரு வருஷம் வீணாகாது. இது தெரியாத பெற்றோர் இன்னும் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், அவர்கள் "ஒரு வருஷம் போச்சே" என்று தலையில் அடித்துக்கொள்வதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறது. மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம், அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ போடலாம். ஃபெயில் என்று அழுதுகொண்டு வருகிற பிள்ளையிடம் நான் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, "எந்தப் பேப்பர்? கெமிஸ்ட்ரி மட்டுமா? சரி, உங்க ஸ்கூல்ல எப்ப அப்ளை பண்ணச் சொல்றாங்கன்னு உன் ஃப்ரெண்டுக்குப் போன் போட்டுக் கேளு" என்பேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போன் போடும். தேதியை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். முழுசா இல்லை, கொஞ்சம்தான்.

சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் காகிதம் இன்னும் பெரிய பாரம். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தாரோடு முடியாது, ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். நல்ல மார்க் வாங்கிய ஒரு பையன், சான்று கைக்கு வரவில்லை என்று காலேஜ் சேர்க்கைக் கவுன்சிலிங் போகாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது பார்த்தேன். ஆளே மாறிப் போயிருந்தான், எதைக் கேட்டாலும் "பார்க்கலாங்க்கா" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவனுக்கு நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் அம்மா அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துக் கயிறு கட்டினாள், யாரும் அவன் சான்றிதழ் என்னவாயிற்று என்று கேட்கவில்லை. அப்புறம் நாங்கள் கேட்டோம், வந்தது, இப்போது படிக்கிறான். எல்லாக் கதையும் இப்படி முடியாது, தெரியும்.

அடுத்து, காகிதத்தோடு முடியாத பாதி.

பெங்களூருவில் இருக்கும் மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிமான்ஸ் 2015, 16இல் நாடு முழுக்க எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13லிருந்து 17 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று வந்தது. நாற்பது பேர் இருக்கும் ஒரு வகுப்பில் மூணு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூணு பேரும் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் கண்டுபிடிக்க முடியாது. இந்த வயதில் மனச்சோர்வு பல பேருக்கு அழுகையாக வருவதில்லை, எரிச்சலாக வரும், கோபமாக வரும். முக்கியமாகப் பையன்களுக்கு. "திமிர் புடிச்சிருக்கு" என்று நாம் சொல்கிற பையனுக்குள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு வயிற்று வலி, தலைவலி என்று வரும். சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்து, "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க, சும்மா நடிக்கறா" என்று என் கடையிலேயே அந்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் போட்ட அம்மாவைத் தெரியும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தம் இல்லையே. தூக்கம், சாப்பாடு, படிப்பு, சிநேகிதம், இந்த நாலும் ரெண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டுப்போயிருந்தால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அவ்வளவுதான் கணக்கு.

பிள்ளைகளுக்கே இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் பிரிண்டுக்குக் காத்திருக்கும்போது பேசிக்கொள்வார்கள்: "ஏய், அவ ஸ்டேட்டஸ் பாத்தியா, மூணு நாளா ஒரே சோகப் பாட்டு, இன்னைக்கு வெறும் கறுப்புப் படம் வெச்சிருக்கா." அந்த ஸ்டேட்டஸ் அம்மாவுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதாவது, ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று முதலில் தெரிவது பதினேழு வயசுச் சிநேகிதிக்கு. அந்தச் சிநேகிதிக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது, "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு சோகத்தில் இருப்பவள் சத்தியம் வேறு வாங்கியிருப்பாள். அந்த மாதிரி வந்து கேட்ட ஒருத்தியிடம் நான் சொன்னது இதுதான்: உயிர் விஷயத்தில் சத்தியம் கிடையாது, உடைக்கலாம், உடைக்கத்தான் வேண்டும். பெரியவர் ஒருத்தரிடமாவது சொல். டீச்சரோ, சித்தியோ, யாரோ.

இன்னொன்று, நேராகக் கேட்பது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்கிறது. கேட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மூச்சு விட இடம் கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல், திட்டாமல், "உனக்கென்ன குறை வெச்சோம்" என்று ஆரம்பிக்காமல் கேட்க வேண்டும். "ஆமா" என்று பதில் வந்தால் உடனே அட்வைஸ் வேண்டாம். தனியாக விடாதீர்கள், அன்றைக்கு ராத்திரி யாராவது கூடப் படுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நம்மது தக்காளியும் மஞ்சளும் மாமரமும் வைத்திருக்கிற ஊர். தோட்டத்துக்கு வாங்கிய மருந்து கட்டிலுக்கு அடியிலும் ஜன்னல் மேடையிலும்தான் பாதி வீடுகளில் இருக்கிறது. அதைப் பூட்டிச் சாவியை வேறு ஆளிடம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த வேகம் பல நேரம் கொஞ்ச நேரத்துக்குத்தான் இருக்கும், அந்த நேரத்தில் எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்ளும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995லிருந்து இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் எழுபது சதவீதம் வரை இறங்கியது. அங்கே ஜனங்களின் கஷ்டம் தீர்ந்துபோனதால் இல்லை.

பிள்ளை தற்கொலைக்கு முயற்சி செய்துவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயற்சி செய்தவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்கிறது. அந்த முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலை 1இல் வந்த புதுச் சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகலாம், யாராவது வந்து நாலு வார்த்தை கேட்கலாம். அதற்குப் பயந்து நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

எங்கே போவது? தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மனநல டாக்டர் வந்து பார்ப்பார். எந்த நாள் என்று சீட்டுப் போடுகிற இடத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். மருந்து இலவசம். ஓசூர், சூளகிரி பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிமான்ஸே கிட்டம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், நடுராத்திரி ரெண்டு மணிக்குக்கூட 14416க்குப் போன் போடலாம். டெலிமானஸ் என்று பெயர், 2022இல் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். முதலில் கவுன்சிலர் பேசுவார், தேவைப்பட்டால் டாக்டரிடம் இணைப்பார்கள். மாணவர்கள் படிப்பு சம்பந்தமாகவும் பேச 14417 இருக்கிறது. இந்த நம்பர்களைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், காசு கொடுக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மாத்திரை கொடுத்தால் தூங்க வைத்துவிடுவார்கள், பழகிப்போகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரமாவது ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதும், கொஞ்சம் தெளிந்ததும் நாமாகவே நிறுத்துவதும்தான் பெரும்பாலும் நடக்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கயிறு கட்டுவதும் விபூதி போடுவதும் என்னைக் கேட்டால் தப்பில்லை, எங்கள் வீட்டிலும் உண்டு. கயிற்றோடு ஓ.பி. சீட்டும் போடுங்கள் என்பதுதான் நான் சொல்வது. கீழ்ப்பாக்கம் கேஸ் என்று சிரிக்கிற சினிமா ஜோக்கைப் பிள்ளைகள் முன்னால் சொல்வதையும் விட்டுவிடலாம், அவ்வளவு ஒன்றும் சிரிப்பு வருகிற ஜோக் இல்லை அது.

ஊத்தங்கரை, தர்மபுரி பக்கம் ஹாஸ்டலோடு இருக்கும் பள்ளிகளில் சேர்க்கிறவர்களுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸோடு போய் மரத்தடியில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு வருகிறீர்கள், பாவம், எவ்வளவோ தூரத்திலிருந்து வருகிறீர்கள். ஆனால் சேர்க்கும்போது லேப் இருக்கிறதா, ஏசி வகுப்பா என்று கேட்கிறவர்கள், "கவுன்சிலர் யாருங்க, எப்ப வருவாங்க, எங்க பொண்ணு அவங்ககிட்ட தனியா பேச முடியுமா?" என்று கேட்பதில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கிற இடத்தில் பயிற்சி பெற்ற கவுன்சிலர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது, கோச்சிங் சென்டருக்கும் அது பொருந்தும். ஃபீஸ் கட்டுகிறவர் கேட்டால்தான் பதில் வரும்.

கடைசியாகப் பெண் பிள்ளைகள். நம்ம ரெண்டு மாவட்டத்திலும் ஒரு பெண் பிள்ளைக்கு ஃபெயில் என்றால் அது மார்க் விஷயம் மட்டும் இல்லை. அந்த வாரமே மாமா வீட்டிலிருந்து பேச்சு வந்துவிடும். "படிப்பு ஏறல, எதுக்குச் சும்மா வெச்சிருக்கணும்." போன வருஷம் ஒரு பிள்ளை பாஸாகியும் அழுதது, ஏன் என்று கேட்டால் "இதோட நிறுத்திடுவாங்கக்கா" என்றது. இப்படி அழுகிற பிள்ளையைக் கவுன்சிலரிடம் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதாது, காலேஜில் சேர்த்துவிட வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னது யார் என்று வெளியே தெரியாது. பதினெட்டு ஆனவள் என்றால் காலேஜ் படிக்கிற பெண்களுக்கு அரசாங்கத்தின் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிற மாதம் 1000 ரூபாய் வீட்டில் பேச ஒரு பிடி கொடுக்கிறது. "பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அவ காசே அவளுக்கு வருது, படிக்கட்டும் விடுங்க மாமா" என்று சொன்னால் அடங்குகிற மாமாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கிடைக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. பேங்க் அக்கவுன்ட் பிள்ளை பெயரில் இருக்க வேண்டும், அம்மா பெயரில் இல்லை, ஆதாரும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், ரிசல்ட் வருவதற்கு முன்பே பேங்குக்கு ஒரு நடை போய்ச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.